தழும்பும் தழையும்

இருமல் விடவில்லை என்றால் அன்று ஆடாதோடை இலையில் நாலு மிளகு தட்டிப்போட்டுக் கஷாயம் வைப்பார்கள். சளிக்கு அது கேட்டது. அந்த இலையின் வாசிசைனைத் திருத்தித்தான் இன்றைய புரோம்ஹெக்சின் மருந்தே பிறந்தது. ஆனால் சிலருக்கு நெஞ்சில் சளியே இல்லை. நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டிருந்தது. அன்று இருமலாகவே கழிந்த அந்த நுரையீரல் தழும்பு நோய், இன்று சி.டி. ஸ்கேனில் தேன்கூடு போல் தெளிவாகத் தெரிகிறது.

பார்வை தெளிந்த அளவுக்கு மருந்து தெளியவில்லை. ஸ்டீராய்டும் அசாதியோபிரினும் என்-அசிட்டைல்சிஸ்டீனும் சேர்ந்ததே நெடுநாள் வழக்கம். அந்தக் கூட்டு மரணத்தைக் கூட்டுகிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2014-இல் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டுக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது. இரண்டும் தழும்பு பரவுவதைத் தாமதப்படுத்தும். விழுந்த தழும்பை அழிக்காது.

இடையில் தாவரங்கள் ஆய்வகம் ஏறின. 2000-இல் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார், ப்ளியோமைசின் என்ற மருந்தால் நுரையீரல் புண்பட்ட எலிகளுக்கு மஞ்சளின் குர்குமினைக் கொடுத்தார்கள். தழும்பாகும் கொலாஜன் புரதம் படிவது குறைந்தது. தோலும் தழும்பும் ஒரே கொலாஜன்தான் என்பதால், அந்த வேலை அங்கே நடந்ததில் வியப்பில்லை. பிறகு குவெர்செட்டின், பெர்பெரின், ரெஸ்வெரட்ரால் என்று எலிகளைத் தேற்றிய பொருள்களின் வரிசை நீண்டது. எலியின் தழும்போ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறத் தொடங்கும். மனிதனின் தழும்பு ஆறாது. போதாக்குறைக்கு, விழுங்கிய குர்குமினில் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்கிறது.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு செடி. சீனர்கள் மலேரியாவுக்குக் கொடுத்துவந்த சாங்ஷான் வேரிலிருந்து ஃபெப்ரிஃபியூஜின் பிரித்தெடுக்கப்பட்டது. அதைத் திருத்திச் செய்த ஹாலோஃபியூஜினோனைக் கோழித் தீவனத்தில் நோய்த்தடுப்புக்குக் கலந்தார்கள். அதைத் தின்ற கோழிகளின் தோல் எளிதில் கிழிந்தது. ஏன் என்று கேட்டுப் போனவர்கள், அந்த மருந்து கொலாஜன் உருவாவதைக் குறைக்கிறது என்று கண்டார்கள். கொலாஜனுக்குப் புரோலின் ஏராளமாக வேண்டும். புரோலினைப் புரதத்தில் சேர்க்க உதவும் நொதியைத்தான் அது முடக்குகிறது என்பது 2012-இல் தெரிந்தது. அதே நொதியைக் குறிவைத்துக் கொரியாவில் உருவான பெர்சிபோரோசின், நுரையீரல் தழும்பு நோயாளிகளிடம் 2-ஆம் கட்டச் சோதனை வரை வந்திருக்கிறது. செடி வழிகாட்டியது, மாத்திரையில் அந்தச் செடி இல்லை.

எந்தத் தாவரப் பொருளும் இந்த நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக இன்னும் வரவில்லை. குழம்பில் போடும் மஞ்சளுக்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. ஆனால் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல்களால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு; பிர்ஃபெனிடோனும் கல்லீரலைப் பதம்பார்க்கக்கூடியது. இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.