நம் தெருச் செய்தியை யார் எழுதுகிறார்கள்?

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'ஊடகமும் ஜனநாயகமும்' என்றொரு பாடம் உண்டு. அச்சு ஊடகம், ஒலிபரப்பு ஊடகம் என்று வகைப்படுத்தி, கரும்பலகையில் நான்கைந்து நாளிதழ்களின் பெயர்களை எழுதி, இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடுவது என் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாறுதலுக்காக, "நாளைக்கு உங்க வீட்டுல வாங்குற பேப்பரைக் கொண்டு வாங்க" என்றேன்.

நான் பணிபுரிவது வடசென்னையில். மறுநாள் பெரும்பாலான பிள்ளைகள் வெறுங்கையோடுதான் வந்தார்கள். அவர்கள் வீட்டில் செய்தி என்றால் அப்பாவின் செல்போனில் வருவதுதான். சிலர் டீக்கடையில் கேட்டு வாங்கிய தமிழ் நாளிதழ்களை வைத்திருந்தார்கள். ஒரு மாணவன் தெலுங்கு நாளிதழை நீட்டினான். ஒரு மாணவி தன் தாத்தா வாசிக்கும் உருது நாளிதழை மடிப்புக் கலையாமல் எடுத்து வந்திருந்தாள். சவுகார்பேட்டையில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன், அப்பா வேலை செய்யும் கடையில் கிடந்த இந்தி நாளிதழைக் கொண்டு வந்தான். என் மேசை மேல் நான்கு மொழிகளில் செய்தித்தாள்கள் கிடந்தன. அவற்றுள் மூன்றை எனக்கு வாசிக்கத் தெரியாது.

தெலுங்கு நாளிதழ் கொண்டு வந்தவனிடம் தலைப்பை வாசிக்கச் சொன்னேன். "எனக்குப் பேசத்தான் தெரியும் மிஸ். படிக்கத் தெரியாது. தாத்தாதான் படிப்பாரு" என்றான். உருது மாணவி மட்டும் தடையின்றி வாசித்துக் காட்டினாள். வகுப்பே வாய் பிளந்து கேட்டது. வலமிருந்து இடமாக அவள் விரல் நகர்வதைப் பார்க்கப் பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள்.

இந்தி நாளிதழைக் கொண்டு வந்த மாணவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. பெற்றோர் ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எழுதி, நகலெடுத்துக் கொடுத்தனுப்பியது நான்தான். அவன் கடிதம் மட்டும் கையொப்பமாகித் திரும்பவில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அடுத்த பருவத்தில்தான், அவன் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறான் என்பதைக் கவனித்தேன். கிட்டப்பார்வை. அவன் அம்மாவை அழைத்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மொழிபெயர்க்கப் பேசியபோது, அந்தக் கடிதம் ஏதோ பாடக் குறிப்பு என்று நினைத்துப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டதாகச் சொன்னார். பையனுக்கும் அப்போது தமிழ் சரியாக வாசிக்க வராது. கண்ணாடி அவன் கைக்கு வந்தபோது பல மாதங்கள் போய்விட்டிருந்தன.

ஆகவே அந்த நான்கு நாளிதழ்களையும் பார்த்தபோது எனக்கு எழுந்த கேள்வி பாடநூலில் இல்லாதது. இந்த நகரத்தில் யாருக்கு, எந்த மொழியில், யார் செய்தி சொல்கிறார்கள்? தெரிந்துகொள்ளத் தேடியபோது கிடைத்தவை சகஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அரண்மனைக்காரன் தெருவிலிருந்து திருவல்லிக்கேணி வரை

சென்னையின் முதல் செய்தித்தாள் 1785இல் தொடங்கிய ஆங்கில வார இதழான 'மெட்ராஸ் கூரியர்'. அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1794இல், இங்கே ஓர் ஆர்மீனிய மொழி இதழ் வெளிவந்தது. பெயர் 'அஸ்தரார்'. உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பருவ இதழ் அதுதான்! ஆர்மீனியாவிலோ பாரசீகத்திலோ அல்ல, நம் பாரிமுனைப் பக்கத்தில் அது பிறந்தது. ஷிராஸ் நகரிலிருந்து வந்த ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் அதை நடத்தினார். இங்கு வாழ்ந்த ஆர்மீனிய வணிகர்களுக்குத் தேவையான வணிகச் செய்திகளும் அதில் இடம்பெற்றன. ஒன்றரை ஆண்டு அளவே நடந்து 1796இல் நின்றுபோனது. அந்தப் பாதிரியாரின் கல்லறை இன்றும் ஆர்மீனியன் தெருவில் உள்ள தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தத் தெருவைத்தான் நம் மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' என்று அழைக்கிறார்கள். அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. 'ஆர்மீனியன்' என்ற சொல் நம் நாவில் அப்படித் திரிந்துவிட்டது. இதைச் சொன்ன நாளில் வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

தெலுங்குக்கு வருவோம். தலைவலிக்கு நாம் தடவும் அமிர்தாஞ்சனத்தை உருவாக்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1908இல் பம்பாயில் 'ஆந்திர பத்திரிகா' என்ற வார இதழைத் தொடங்கினார். 1914இல் அது சென்னைக்கு வந்து நாளிதழாயிற்று. தைல வியாபாரத்தில் வந்த பணம் பத்திரிகையைத் தாங்கியது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரைத் தாங்கியதே. நம் தலைமுறை ஆசிரியர்கள் விரும்பி வாசித்த 'அம்புலிமாமா'வும் இந்த வரிசையில் வருவதுதான். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' என ஒரே சமயத்தில் சென்னையிலிருந்து வெளியிட்டார்கள். பின்னர் அது பல இந்திய மொழிகளுக்கும் பரவியது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்த பிறகு தெலுங்குப் பத்திரிகைத் தொழிலின் மையம் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. வாசகர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். என் மாணவனின் தாத்தா அவர்களில் ஒருவர்.

திருவல்லிக்கேணியில் 1927இல் சையத் அஸ்மதுல்லா தொடங்கிய உருது நாளிதழ் 'தி முசல்மான்'. நான்கே பக்கங்கள். கணினி அச்சுக்கோப்பு எங்கும் பரவிய பிறகும், பல பத்தாண்டுகள் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் 'காதிப்' எனப்படும் எழுத்தர்கள் பேனாவால் கையெழுத்தாகவே எழுதினார்கள். எழுதிய பக்கத்தைப் படமெடுத்துத் தகடாக்கி, பிறகு அச்சடிப்பார்கள். எழுத்தர்களில் பெண்களும் இருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அழகான கையெழுத்தைப் பற்றி நாம் ஆண்டு முழுவதும் பேசுகிறோமே, கையெழுத்தே தொழிலாக ஒரு நாளிதழ் நடந்தது என்பதை ஒரு நாள் சொல்லிப் பாருங்கள்.

இந்தி, மலையாள நாளிதழ்களும் சென்னைப் பதிப்புகளை வெளியிட்டு வந்திருக்கின்றன. அவை பெரிய நிறுவனங்களின் கிளைகள் என்பதால் இங்கே விரிவாக எழுதவில்லை.

விளம்பரம் இருக்கும் தெருவுக்கே செய்தி

மொழி ஒரு பக்கம் என்றால், வட்டாரம் இன்னொரு பக்கம். தென்சென்னையில் 'மயிலாப்பூர் டைம்ஸ்', 'மாம்பலம் டைம்ஸ்', 'அடையாறு டைம்ஸ்' என்று வட்டாரத்துக்கு ஒன்றாக ஆங்கில வார இதழ்கள் தோன்றின. வாரக் கடைசியில் வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும். பெரிய நாளிதழில் மூன்று வரிக்குக்கூட இடம் கிடைக்காத செய்திகள், அதாவது மூடப்படாத பள்ளம், நூலகக் கட்டடத்தின் நிலை, கோலப்போட்டி, காலமான பழைய தலைமையாசிரியர், இவற்றில் முதல் பக்கத்துக்கு வரும். வாசகர் பணம் கொடுப்பதில்லை. டியூஷன் சென்டர், சமையல் கான்ட்ராக்டர், நகைக்கடை, வீட்டுத் தரகர் ஆகியோரின் விளம்பரம்தான் அச்சுக்கூலியைக் கொடுக்கிறது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. விளம்பரம் கொடுக்கும் கடைகள் நிறைந்த வட்டாரத்தில்தான் இத்தகைய இதழ் நிலைக்க முடியும். எங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் வாரம் தவறாமல் இப்படி ஓர் இதழ் வந்து விழுந்து நான் பார்த்ததில்லை. இங்கே செய்தி இல்லாமலா போயிற்று? மழை பெய்தால் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீரை எழுதவே ஓர் இதழ் தேவைப்படும். பெருந்தொற்றுக் காலத்தில் விளம்பரம் வற்றியபோது இலவச இதழ்கள் எல்லாமே தள்ளாடின. விளம்பரத்தை மட்டுமே நம்பாத ஒரு வழியாகச் சமுதாய வானொலியைச் சொல்லலாம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆனால் அதன் ஒலி எட்டும் தூரம் சில கிலோமீட்டர்கள்தான்.

வகுப்பறையில் செய்தவை

முதலில் ஒரு தேடல் வைத்தேன். ஒவ்வொரு செய்தித்தாளிலும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், அச்சக முகவரி. 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. இப்போது அச்சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அந்த வரியைக் கண்டுபிடித்து, "இதில் தப்பு இருந்தால் யாரிடம் போய்க் கேட்கலாம்?" என்று பிள்ளைகளைச் சொல்லச் சொன்னேன். பிறகு செல்போனில் சுற்றும் ஒரு வதந்தியை எழுதிப்போட்டு, இதற்கு அந்த வரி எங்கே என்றேன். ஊடகப் பொறுப்பு என்பதை நான் இதுவரை நடத்தியதிலேயே எளிதாகப் புரிந்த வகுப்பு அதுதான்.

அடுத்து, மாதம் ஒரு சுவர் இதழ். தெருச் செய்தி மட்டும்தான். தலைவர்கள் பிறந்தநாள் கட்டுரைக்கு இடமில்லை. முதல் இதழிலேயே மாட்டிக்கொண்டோம். "மூன்று நாட்களாகத் தண்ணீர் லாரி வரவில்லை" என்று ஒரு மாணவி எழுதினாள். அடுத்த தெருப் பையன் லாரி வந்தது என்று சண்டைக்கு வந்தான். இருவரையும் போய் விசாரிக்கச் சொன்னேன். லாரி வந்திருக்கிறது, தெருமுனையில் பள்ளம் தோண்டியிருந்ததால் உள்ளே நுழையாமல் திரும்பியிருக்கிறது. இரண்டாம் இதழில் திருத்தம் போட்டோம். ஒரு செய்திக்கு இரண்டு பேரிடமாவது விசாரிக்க வேண்டும் என்ற விதியைப் பிள்ளைகளே வைத்துக்கொண்டார்கள்.

இதழின் கீழ்ப்பகுதி பள்ளி அறிவிப்புகளுக்கு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், மருத்துவ முகாம், உதவித்தொகைக்கான கடைசி நாள் ஆகியவற்றைத் தமிழோடு தெலுங்கு, உருது, இந்தி எழுத்துகளிலும் போடுகிறோம். உருதுவை அந்த மாணவியே எழுதுகிறாள். இந்திக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் அக்கா ஒருவர் உதவுகிறார். பெற்றோர் கடிதங்களும் இப்போது இந்த நான்கு மொழிகளில்தான் போகின்றன. வேலை கூடுதல்தான், மறுக்கவில்லை.

தெலுங்குக்குத்தான் திண்டாட்டம். செல்போன் மொழிபெயர்ப்பைப் பார்த்து நானே வரைந்ததுபோல் எழுதி ஒட்டினேன். மறுநாள் மாணவனின் தாத்தா பள்ளி வாசலில் நின்றிருந்தார். "டீச்சர் அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நாலு எழுத்து தப்பு" என்று, பேரன் செல்போனில் எடுத்து வந்த படத்தைக் காட்டினார். அன்றிலிருந்து அந்தப் பகுதியை அவரே எழுதிக் கொடுக்கிறார். பேரன் அதைப் பார்த்துச் சுவர் இதழில் பெரிதாக எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை பதினொரு எழுத்துகள் பழகியிருக்கிறான். அடுத்த இதழ் பொங்கல் விடுமுறை முடிந்து வருகிறது. முதல் பக்கத்தில் வடிகால் செய்தி.