களரா, உவரா? காட்டித்தரும் கைக்கருவிகள்

வயலில் வெள்ளை பூத்து, பயிர் திட்டுத் திட்டாகக் கருகி நிற்குமானால், அது களரா உவரா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. உவர் நிலத்திற்கு நல்ல நீரைத் தேக்கி வடித்தாலே போதும். அதற்கு ஜிப்சம் வாங்கி இடுவது வீண் செலவு. களர் நிலத்தையோ ஜிப்சம் இடாமல் கழுவினால் மண் மேலும் இறுகிவிடும். இவ்விரண்டையும் பிரித்தறிய இரு அளவுகள் தேவை. ஒன்று பி.எச். எனப்படும் கார அமில நிலை. மற்றொன்று மின் கடத்தும் திறன். இவற்றை அளக்கும் சட்டைப்பைக் கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன.

கார அமில நிலை அளக்கும் விதம்

இக்கருவியின் முனையில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. அதனுள் அளவு தெரிந்த கரைசல் இருக்கும். குமிழை மண் கரைசலில் வைத்தால், உள்ளும் புறமும் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் வேறுபாட்டிற்கேற்பச் சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பி.எச். அளவிற்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறும். கருவி அதனை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ஓர் எண் கூடினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன என்பது பொருள். ஆகவே 8க்கும் 9க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு ஆர்னால்டு பெக்மன் இத்தகைய கருவியை அமைத்தது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்கே. மருத்துவமனைகளில் சில துளி இரத்தத்தைக் கொண்டு அதன் கார அமில நிலையையும் சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளையும் சில நிமிடங்களில் காட்டும் சிறு கருவிகளும் இதே தத்துவத்தைப் பின்பற்றுபவையே.

மின் கடத்தும் திறன்

தூய நீரில் மின்சாரம் மிகச் சிறிதே பாயும். உப்பு கரைந்தால் அயனிகள் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு கூடக் கூட மின்னோட்டமும் கூடும். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அளவு சுமார் 2 விழுக்காடு உயரும். ஆகையால் 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டும் கருவியையே வாங்க வேண்டும்.

சோதிக்கும் முறை

வயலில் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திச் சலிக்கவும். 20 கிராம் மண்ணில் 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, அரைமணி நேரம் அவ்வப்போது கலக்கவும். முதலில் தெளிந்த நீரில் மின் கடத்தும் திறனையும், பின்னர் மீண்டும் கலக்கிக் கார அமில நிலையையும் அளக்கவும். கிணற்று நீரானால் மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பின்னரே நீர் பிடிக்க வேண்டும்.

அளவுகள் கூறுவது என்ன?

மண்ணின் மின் கடத்தும் திறன் 1 டெசிசைமனுக்குக் கீழ் இருந்தால் தீங்கில்லை. 4ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் பாதிக்கப்படும், அது உவர். உப்பு குறைவாயிருந்தும் கார அமில நிலை 8.5க்கு மேல் சென்றால் களர் என்று ஐயுற வேண்டும். இரண்டும் உயர்ந்திருந்தால் களரும் உவரும் கலந்த நிலமாக இருக்கலாம். பாசன நீரில் 0.75 வரை பொதுவாகக் கவலையில்லை, 2.25க்கு மேற்பட்ட நீர் சாதாரண நிலைமைகளில் பாசனத்திற்கு ஏற்றதன்று.

கவனிக்க வேண்டியவை

* கார அமிலக் கருவியை 4, 7, 9.2 அளவுள்ள தாங்கல் கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்கவும்.
* கண்ணாடிக் குமிழைத் தேய்க்காமல் கழுவி, துணியால் ஒற்றி எடுக்கவும்.
* குமிழ் உலரக் கூடாது. அதற்குரிய பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்கவும்.

ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம் தேவை என்பதை இக்கருவிகள் கூறமாட்டா. அதனை மண் பரிசோதனை நிலையமே கணித்துத் தரும். எனவே கருவி களரைக் காட்டினால், ஜிப்சம் வாங்குமுன் மண் மாதிரியை அங்கு அனுப்பி, பரிந்துரைக்கும் அளவை மட்டும் இட்டுப் பயன்பெறுங்கள்.