எல்லை தாண்டினால் எட்டாத அபராதம்

புது தில்லி: ஆந்திர மாநிலம், திருப்பதி மாவட்டத்தில் தமிழக எல்லைக்கு அருகே அமைந்துள்ளது வரதய்யபாளையம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த மண்டலம், 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தின் ஒரு பகுதியும், சென்னைவாசிகள் "தடா அருவி" என்றழைக்கும் உப்பலமடுகு அருவியும் இங்குதான் உள்ளன. சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையும் அருகே உள்ள தடா வழியாகவே செல்கிறது. எனவே, தமிழகப் பதிவெண் தாங்கிய வாகனங்கள் இப்பகுதி மக்களுக்குப் புதியவை அல்ல.

ஆனால், சட்டத்தின் பார்வையில் அவை வேறு மாநில வாகனங்கள். அனுமதிக்கப்பட்ட வேகத்தை மீறிச் செல்லும் வாகனத்தைக் கேமரா படம் பிடிக்கிறது; அபராதச் சீட்டும் உருவாகிறது. அதற்குள் வாகனம் எல்லையைக் கடந்துவிடுகிறது. அந்த அபராதத்தை வசூலிப்பது யார் என்ற கேள்விக்கு, தமிழக - ஆந்திர எல்லையில் மட்டுமல்ல, நாட்டின் எந்த மாநில எல்லையிலும் இன்னும் தெளிவான விடை இல்லை.

கேமரா கொண்டுவந்த சிக்கல்

சாலையில் வாகனத்தை நிறுத்தி அபராதம் விதித்த காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. வெளி மாநில ஓட்டுநர் அங்கேயே பணம் செலுத்தினார். அல்லது ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைத்துச் சென்றார். கேமரா வாகனத்தை நிறுத்துவதில்லை. அது பதிவெண்ணை மட்டுமே அறியும்; ஓட்டியவரை அறியாது.

இதன் விளைவு சிறியதல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 71 சதவீதத்தினரின் மரணத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. உயிரிழப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தேசிய நெடுஞ்சாலைகளில் நேர்ந்தவை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வாகனங்கள் அதிகம் ஓடுவதும் அந்தச் சாலைகளில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அதிவேகத்துக்கு முன்பு முதல் முறை ரூ.400 வரையே அபராதம் விதிக்க முடிந்தது. 2019 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், இலகு ரக வாகனங்களுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரையும் அதை உயர்த்தியது. நெடுஞ்சாலைகளை மின்னணுக் கருவிகள் மூலம் கண்காணிப்பதை மாநிலங்களின் கடமையாக்கும் 136-ஏ பிரிவும் அப்போதுதான் சேர்க்கப்பட்டது. குற்றம் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் வெளியான 167-ஏ விதி கூறுகிறது.

இவற்றை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 செப்டம்பரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்கு வழிவகுத்த பொதுநல வழக்கு, கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்தது.

அபராதம் செலுத்தாதவரின் சொத்தை வேறு மாவட்டத்தில் ஜப்தி செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணையில், சொத்து உள்ள மாவட்டத்தின் ஆட்சியர் மேலொப்பமிட வேண்டும் என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 422-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்காக இத்தனை படிகளையும் ஏறுவது நடைமுறைக்கு ஒவ்வாதது.

சுமை ஒருவருக்கு, வருவாய் இன்னொருவருக்கு

மிஞ்சியிருப்பது கணினி வழி. வாகனப் பதிவுக்கான "வாஹன்", ஓட்டுநர் உரிமத்துக்கான "சாரதி" ஆகிய தரவுத் தளங்களுடன் இ-சலான் முறை இணைக்கப்பட்டுள்ளது. அபராதம் நிலுவையில் உள்ள வாகனத்துக்கு உரிமை மாற்றம், தகுதிச் சான்று போன்ற சேவைகளை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் நிறுத்திவைக்க முடியும்.

இங்குதான் கூட்டாட்சி குறுக்கிடுகிறது. அபராதத் தொகை குற்றம் நிகழ்ந்த மாநிலத்துக்குச் சேரும். சேவையை நிறுத்தும் அதிகாரமோ, வாகனம் பதிவான மாநிலத்திடம் உள்ளது. தன் வாகன உரிமையாளர்களின் அதிருப்தியைச் சம்பாதித்து, அண்டை மாநிலத்தின் கருவூலத்தை நிரப்ப எந்த மாநிலமும் ஆர்வம் காட்டாது. மோட்டார் வாகனங்கள் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளன. காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே, ஒரு தரப்பு மட்டும் முயன்று இதைத் தீர்த்துவிட முடியாது.

வெளிநாடுகளின் அனுபவம்

இதே தடுமாற்றம் ஐரோப்பாவிலும் ஏற்பட்டது. வெளிநாட்டு வாகன உரிமையாளரின் விவரங்களை உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்ள வகை செய்யும் நெறிமுறையை ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் கொண்டுவந்தது. காவல் துறை ஒத்துழைப்பு என்ற அடிப்படையில் அது இயற்றப்பட்டது தவறு. அது சாலைப் பாதுகாப்பு சார்ந்தது என்று கூறி, ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 மே மாதத்தில் அதை ரத்து செய்தது. போக்குவரத்து என்ற அடிப்படையில் 2015-இல் புதிய நெறிமுறை இயற்றப்பட்டது.

அமெரிக்காவில் மாநிலங்களே தங்களுக்குள் உடன்பாடு கண்டன. 1977-இல் உருவான ஒப்பந்தத்தின்படி, வெளி மாநிலத்தில் விதிக்கப்பட்ட அபராதத்துக்குப் பதில் அளிக்காதவரின் உரிமத்தைச் சொந்த மாநிலமே நிறுத்திவைக்கிறது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதில் இணைந்தன. சிங்கப்பூர் எல்லையையே பிடிமானமாக்கிக் கொண்டது. அபராதம் பாக்கி வைத்துள்ள வெளிநாட்டு வாகனங்களுக்கு நுழைவு மறுக்கப்படும் என 2019 ஏப்ரலில் அறிவிப்பு அமலானது. இந்திய மாநிலங்களுக்கு இந்த வழி பொருந்தாது. குடிமக்கள் நாடெங்கும் தடையின்றிச் சென்றுவர அரசமைப்புச் சட்டம் உரிமை அளித்துள்ளது.

மறுப்பவருக்கு வழி என்ன?

வசூலை மட்டும் விரைவுபடுத்தினால் போதாது. போலிப் பதிவெண், கேமராவின் பிழை, விற்றும் பெயர் மாற்றப்படாத வாகனம், மாறிய முகவரி எனத் தவறான அபராதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. மெய்நிகர் நீதிமன்றத்தில் அபராதத்தை வீட்டிலிருந்தே செலுத்திவிடலாம். ஆனால், குற்றத்தை மறுத்தால் வழக்கு, சம்பவ இடத்தின் வழக்கமான நீதிமன்றத்துக்குச் சென்றுவிடும். வரதய்யபாளையம் அருகே பதிவான வழக்கை எதிர்த்து வாதாட நாகர்கோவில்காரர் ஆந்திரத்துக்குப் பயணம் செய்ய வேண்டும். பயணச் செலவே அபராதத்தை மிஞ்சும். குற்றமற்றவரும் பணத்தைக் கட்டிவிடுவதே இதன் விளைவு.

ஆக, தேவைப்படுவது கூடுதல் அபராதம் அன்று. வசூலுக்கு உதவும் மாநிலத்துக்கு அத்தொகையில் ஒரு பங்கு, மறுப்பவருக்குச் சொந்த ஊரிலிருந்தே காணொலி வழி விசாரணை ஆகிய இரண்டையும் மாநிலங்கள் ஒரு சேர ஏற்க வேண்டும். தமிழகமும் ஆந்திரமும் தங்களுக்குள் இத்தகைய உடன்பாட்டைக் காண முன்வந்தால், பிற மாநிலங்களுக்கும் அது முன்மாதிரியாக அமையும். அதுவரை, வேகம் மீறுபவருக்கு மாநில எல்லை புகலிடமாகவும், விதியை மதிப்பவருக்கு அதுவே வீண் அலைச்சலாகவும் நீடிக்கும்.