நேரில் முந்தும், வளைவில் பிந்தும்: ஏன்?

இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ, 510 குதிரைத்திறன் தரும் ஒரே 2.9 லிட்டர் எஞ்சினை இரண்டு வண்டிகளில் பொருத்தியது: ஜூலியா குவாட்ரிஃபோலியோ செடான், ஸ்டெல்வியோ குவாட்ரிஃபோலியோ கிராஸ்ஓவர். ஸ்டெல்வியோ கனமானது. ஆனாலும் 100 கி.மீ. வேகத்தை 3.8 விநாடியில் தொடுகிறது, ஜூலியாவுக்கு 3.9.

காரணம் டயர். ஜூலியாவைப் பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளுகின்றன. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால் அவை வழுக்கிச் சுழலும். ஸ்டெல்வியோவில் நான்கு சக்கரங்களும் உந்துவிசையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. விளம்பரங்கள் கொண்டாடும் அந்த எண்ணில் பாதி, பிடிமானக் கணக்குதான்.

வளைவில் கதை மாறும். உயரமான வண்டிக்குப் புவியீர்ப்பு மையமும் உயரம்; திரும்பும்போது எடை வெளிப்பக்க டயர்கள் மேல் அதிகமாக ஏறும். சூட்சுமம் இங்கேதான்: டயர் மீதுள்ள சுமை இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை. உள்பக்கம் இழந்ததை வெளிப்பக்கம் முழுதாக ஈடுகட்டாது. சஸ்பென்ஷனை இறுக்கினால் சாய்வு குறையும், எடை இடம்மாறுவது நிற்காது, முதுகுக்குத்தான் தண்டனை.

ஜெர்மனியின் வளைவுகள் நிறைந்த நூர்பர்க்ரிங் தடத்தில் ஒரு சுற்றுக்கு ஜூலியா எடுத்துக்கொண்டது 7 நிமிடம் 32 விநாடி. ஸ்டெல்வியோ 7 நிமிடம் 51.7 விநாடி.