விரல்கள் மடங்கின... இசை மடங்கவில்லை: பியானோ கலைஞர் ஜோவாவ் கார்லோஸ் மார்ட்டின்ஸ் யார்?

பியானோ கலைஞருக்கு விரல்கள்தான் சொத்து. அந்த விரல்களே கைவிட்டால் என்ன செய்வது? பிரேசிலைச் சேர்ந்த ஜோவாவ் கார்லோஸ் மார்ட்டின்ஸுக்கு நடந்தது அதுதான். அதுவும் ஒருமுறை இல்லை, பலமுறை.

யார் இவர்?

1940-ல் சாவோ பாலோ நகரில் பிறந்தவர். எட்டு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். இருபதுகளின் தொடக்கத்திலேயே நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி ஹால் மேடை ஏறிட்டார். ஜெர்மன் இசைமேதை பாக்கின் படைப்புகளை வாசிப்பதில் உலகப் பெயர் பெற்றார்.

கைகளுக்கு என்ன ஆச்சு?

முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குமே, அதுக்குக் காரணமான நரம்புதான் முதலில் பாதிக்கப்பட்டது. 1965-ல் நியூயார்க்கில் கால்பந்து ஆடும்போது கீழே விழுந்ததில் வலது முழங்கையில் அடி. அதன் பிறகு சில விரல்கள் வலுவிழந்தன. விரல்கள் தானாகவே மடங்கிக்கொள்ளும் 'டிஸ்டோனியா' என்ற நரம்புப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது.

ஒரு கட்டத்தில் பியானோவே வேண்டாம் என்று ஒதுங்கி, குத்துச்சண்டை வீரர் எடர் ஜோஃப்ரேவுக்கு மேலாளரானார். ஜோஃப்ரே 1973-ல் மீண்டும் உலக சாம்பியன் ஆனார். பின்னர் மார்ட்டின்ஸும் பியானோவுக்குத் திரும்பினார்.

1995-ல் அடுத்த அடி. பல்கேரியாவின் சோஃபியா நகரில் கொள்ளையர்கள் இவரது தலையில் இரும்புக் குழாயால் தாக்கினர். மூளையில் ஏற்பட்ட காயத்தால் வலது கை பாதிக்கப்பட்டது. கொஞ்ச காலம் இடது கையால் மட்டும் வாசித்தார். பிறகு அதுவும் ஒத்துழைக்கவில்லை.

இசைக்குழுவை நடத்தியது எப்படி?

60 வயதைத் தாண்டிய பிறகு, இசைக்குழுவை வழிநடத்தும் 'கண்டக்டர்' பணியைக் கற்றுக்கொண்டார். அதிலும் சிக்கல். கோலைப் பிடிக்க முடியாது, இசைக்குறிப்பின் பக்கங்களைப் புரட்டவும் முடியாது. அதனால் முழு இசையையும் மனப்பாடம் செய்து நடத்தினார். 'பாக்கியானா' என்ற இசைக்குழுவையும் தொடங்கினார்.

2011 சாவோ பாலோ கார்னிவலில் வாய்-வாய் சாம்பா குழு இவரது வாழ்க்கையையே கருப்பொருளாக்கி சாம்பியன் பட்டம் வென்றது. 2016 ரியோ பாராலிம்பிக் தொடக்க விழாவில், ஒத்துழைத்த சில விரல்களைக் கொண்டே பிரேசில் தேசிய கீதத்தைப் பியானோவில் வாசித்தார்.

பயோனிக் கையுறை எப்படி வேலை செய்கிறது?

இவரால் கட்டையை அழுத்த முடியும். ஆனால் அழுத்திய விரல் மேலே எழும்பாது, உள்ளே மடங்கிவிடும். இதைக் கவனித்த பிரேசில் வடிவமைப்பாளர் உபிரட்டான் பிசாரோ கோஸ்டா, சிறப்புக் கையுறை ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொரு விரலின் மேலேயும் ஒரு மெல்லிய உலோகப் பட்டை. விரல் அழுத்தும்போது அதுவும் வளையும், விட்டதும் ஸ்பிரிங் போல விரலை மேலே தூக்கிவிடும். அவ்வளவுதான் டெக்னிக்!

20-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் கிடைக்காத ஒன்றை இந்தக் கையுறை கொடுத்தது. ஏறக்குறைய 80 வயதில், இரண்டு கைகளின் எல்லா விரல்களையும் மார்ட்டின்ஸ் மீண்டும் பியானோ மீது வைத்தார். பழைய வேகம் வரவில்லை. அதனால் மெதுவான இசையில் இருந்து, சின்னப் பையன் மாதிரி, முதலில் இருந்து பயிற்சியைத் தொடங்கினார்.