மாட்டின் இதயம் எழுதும் கோடு

மதுரையில் கே.கே. நகரைத் தாண்டி வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் போனால் கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளை இன்றும் பார்க்கலாம். நிறையப் பால் கறக்கும் கலப்பின மாடு, கன்று போட்ட ஓரிரு நாளில் சில சமயம் திடீரென்று படுத்துவிடும். கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொள்ளும்; காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும். சீம்பாலுக்குக் கால்சியம் மொத்தமாகப் போய், ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிட்டது என்று அர்த்தம். இதுதான் பால் காய்ச்சல்.

டாக்டர் வந்து கழுத்துச் சிரையில் கால்சியம் ஏற்றுவார். அப்போது அவரைக் கவனியுங்கள். பாட்டிலை ஒரு கையில் பிடித்தபடி, மாட்டின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்திக்கொண்டே இருப்பார். மருந்து வேகமாக இறங்கினால் இதயம் தடுமாறும், நின்றும் போகலாம். துடிப்பு தப்பினால் சட்டென்று பாட்டிலைத் தாழ்த்திவிடுவார். அந்த நேரத்தில் மாட்டின் உயிர் அவருடைய காதில்தான் இருக்கிறது.

காதுக்குக் கேட்பது வால்வுகள் மூடும் சத்தம். அதற்குச் சற்று முன்பே இதயத்தில் மின்சாரம் ஓடி முடிந்திருக்கும். அந்த ஓட்டத்தைக் காகிதத்தில் கோடாக இழுத்துக் காட்டுவதுதான் ஈசிஜி. முதலில் வரும் சிறு மேடு, மேலறைகள் தூண்டப்படுவது. அடுத்த கூர்முனை கீழறைகள். கடைசி மேடு, கீழறைகள் பழைய நிலைக்குத் திரும்புவது. கால்சியம் குறைந்த மாட்டில் கூர்முனைக்கும் கடைசி மேட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நீண்டுவிடும். மருந்து ஏற ஏற அது சுருங்கும். இந்த மாற்றத்தை எந்தக் காதாலும் பிடிக்க முடியாது.

இந்தக் கருவியின் கதையில் தொடக்கத்திலிருந்தே விலங்குகள் உண்டு. லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887இல் மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதே சோதனையைத் தன் புல்டாக் நாய் ஜிம்மியிடமும் செய்து காட்டினார். நாயின் கால்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் நிறுத்திவைத்தார், அவ்வளவுதான். இது வதையா என்று 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. வாலருக்குப் பிறகு நெதர்லாந்தின் ஐந்தோவன் நுட்பமான கருவியை உருவாக்கி 1924இல் நோபல் பரிசு பெற்றார். இன்று உப்புநீர் வேண்டாம். நாயை வலப்பக்கமாகப் படுக்கவைத்து, தோலில் ஸ்பிரிட்டோ ஜெல்லோ தடவி, நான்கு கால்களிலும் கிளிப் மாட்டினால் போதும். மனிதர்களுக்கான அதே மெஷின்தான்.

மெஷின் ஒன்றாக இருந்தாலும், கோட்டைப் படிக்கும் விதம் விலங்குக்கு விலங்கு மாறும். மூச்சை இழுக்கும்போது நாயின் துடிப்பு வேகமாகும், விடும்போது தளரும். இந்தத் தாளம் தப்பிய கோடு ஆரோக்கியமான நாய்க்கு இயல்பு. பழக்கமில்லாதவர் நோய் என்றே நினைத்துவிடுவார். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு நாற்பதுக்குள் துடிப்பதும், நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போவதும் சகஜம். டாக்டர் மேசையில் மிரண்டு உட்கார்ந்திருக்கும் பூனைக்கோ 200ஐத் தொடும்.

மாட்டுக்கு வருவோம். இதயத் தசைக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை புர்கின்ஜி இழைகள். யான் புர்கின்ஜி 1839இல் இவற்றை முதலில் விவரித்தது ஆட்டின் இதயத்தில்தான். நாய்க்கும் நமக்கும் இந்த இழைகள் கீழறைச் சுவரின் உட்புறத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மின்சாரம் தசைக்குத் தசை தாவி வெளிப்பக்கம் வரும். வயலில் ஒரே மடை வழியாகத் திறந்துவிட்ட தண்ணீர் மெல்லப் பரவுவதைப் போல. மாடு, ஆடு, குதிரைக்கு அப்படியில்லை. இழைகள் சுவரை ஊடுருவி ஒவ்வொரு பாத்திக்கும் தனி வாய்க்கால் வெட்டியதுபோல் போகின்றன. எல்லாப் பாத்தியும் ஒரே நேரத்தில் நனைகிறது. எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் ஓடும் மின்சாரம் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், வெளியே தெரிவது மிச்சம் மட்டுமே.

அதனால்தான் கூர்முனையின் உயரத்தை வைத்து நாயின் இதயம் வீங்கியிருக்கிறதா என்று ஊகிக்க முடிகிறது, மாட்டில் முடியாது. மாட்டின் கோடு நம்பகமாகச் சொல்வது தாளத்தைத்தான். கால்களில் கிளிப் மாட்டினால் மாடு காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் கோடு குலையும் என்பதால், ஒரு முனையைக் கழுத்துச் சிரையோரத்திலும் மற்றொன்றை இடது முன்னங்காலுக்குப் பின்னாலும் வைப்பார்கள். ஈ உட்கார்ந்து மாடு தோலைச் சிலிர்த்தாலும் கோடு நடுங்கத்தான் செய்யும். நடுக்கம் எது, நோய் எது என்று பிரித்தறியும் பயிற்சிதான் மெஷினைவிட அரிது என்பது என் எண்ணம்.

ஈசிஜிக்கு வாய்ப்பே தராத நோயும் உண்டு. கோமாரி வந்த இளங்கன்று, வாயில் புண் தெரியும் முன்பே திடீரென்று செத்து விழுவதுண்டு. வைரஸ் இதயத் தசையைத் தின்றிருக்கும். அங்கே ஈசிஜி எடுக்க நேரம் ஏது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் தடுப்பூசிதான் காவல்.

நகரத்து மாட்டுக்கு இன்னோர் ஆபத்து, தீனியோடு விழுங்கும் கம்பி. இரண்டாம் வயிறு இதயத்துக்கு மிக அருகே, உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வயிறு சுருங்கும்போது கம்பி குத்தித் துளைத்து இதய உறைக்குப் போய்விடும். உறையில் சீழும் நீரும் தேங்கும்போது ஈசிஜி அலைகள் குறுகிவிடும். கழுத்துச் சிரை கயிறுபோலப் புடைக்கும், அலைதாடியில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் மாட்டைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: காந்தத்தை விழுங்கவைப்பது. விரல் நீளக் காந்தம் இரண்டாம் வயிற்றில் போய்த் தங்கி, உள்ளே வரும் ஆணியையும் கம்பியையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும்.