ஒரு காடு, பல பட்டாக்கள்

மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவற்றில் 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே நிலம் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. அந்தக் காலத்துச் சாசனங்களைப் படித்தால் ஒன்று புரியும். நிலம் ஒன்றுதான், அதில் உரிமை பல. உழுகிறவர் ஒருவர், விளைச்சலில் பங்கு கோயிலுக்கோ எங்கள் சமணப் பள்ளிக்கோ போகும். பள்ளிக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம், ஏரியைப் பராமரிக்க விட்டது ஏரிப்பட்டி. நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி; அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் நாம் இப்போது ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பன்னேர்கட்டாவையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் புலி, சிங்கம் காட்டிவிட்டு வருகிறோமே, அது அந்தக் காட்டின் வாசல்படி மட்டும்தான். தேசியப் பூங்காவின் மொத்தப் பரப்பு 260.51 சதுர கிலோமீட்டர். வடக்கு நுனி நகரத்தைத் தொடுகிறது. தெற்கே காவிரிக் காடுகளோடும், நம்ம தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் காடுகளோடும் சேர்கிறது. யானைக்கு மாநில எல்லை ஏது? ஓசூர் பக்கம் ராகி விளையும் காலத்தில் இறங்கும் கூட்டம் இந்த வழியாகவும் வருவதுதான்.

பூங்காவைச் சுற்றியுள்ள நிலம் ஒரே கையில் இல்லை. அரசாங்கப் புறம்போக்கு, கோமாளா என்று கன்னடத்தில் சொல்லும் மேய்ச்சல் நிலம், விவசாயிகளின் பட்டா, கல் குவாரி, லேஅவுட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிக் காடாக்க எந்த அரசாலும் முடியாது. அதனால்தான் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 'சூழல் உணர்திறன் மண்டலம்' என்ற ஏற்பாடு வந்தது. பட்டா பட்டாதாரரிடமே இருக்கும். விவசாயம் நடக்கும். வணிகக் குவாரி, கல் உடைக்கும் ஆலை, மாசு செய்யும் தொழில் ஆகியவற்றுக்குத் தடை, கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு.

2016ஆம் ஆண்டு வரைவில் பன்னேர்கட்டாவுக்கு இந்த மண்டலம் 268.96 சதுர கிலோமீட்டர். 2018இல் வந்த மறுவரைவில் அது 168.84 ஆனது, 2020 மார்ச்சில் வந்த இறுதி அறிவிப்பிலும் அதே அளவுதான். வித்தியாசம் சுமார் 24,700 ஏக்கர்.

இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கடை வருமானத்தில் ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருந்தேன். வரைவு வந்ததும், "சார், நிலம் போச்சு" என்றார் புரோக்கர். ஆட்சேபனை மனுவைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கடையில் பத்து ரூபாய் பில்லைக்கூட இரண்டு முறை பார்க்கிறவன் நான்! பிறகு அறிவிப்பை வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது, என் ராகிக்கு அதில் தடையே இல்லை. தடை வேறு யாருக்கோ, பயந்தது நான்.

அதற்காக, சொந்தக்காரர்களின் பயம் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து நிலம் லேஅவுட்டாகிக் கோடிக்குப் போகும்போது, நம் நிலம் மட்டும் ராகிக்கொல்லையாகவே இருக்க வேண்டும் என்றால் மனசு கேட்குமா? யானை மேய்ந்த பயிருக்கு ஈட்டுத்தொகை தாமதமானால் காட்டின்மேல்தான் கோபம் வரும். நன்மை ஊருக்கு, நஷ்டம் ஒருவனுக்கு என்றால் எந்தத் திட்டமும் நிற்காது.

வழி இல்லாமல் இல்லை. மத்தூர் அருகே கொக்கரே பெள்ளூர் என்ற கிராமத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டுப் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. மரம் தனியாருடையது. புளி நஷ்டத்துக்காக மரக்காரர்களுக்கு வனத்துறை பணம் கொடுத்து வந்தது. வனவிலங்குச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம், தனியார் நிலத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் அவர்கள் சம்மதத்தோடு 'சமுதாயக் காப்பகம்' ஆக்க இடம் தந்தது. 2007இல் கொக்கரே பெள்ளூர் அப்படி ஆயிற்று. யாருடைய பட்டாவும் பறிபோகவில்லை.

ஆகவே பெரிய பரப்பைக் காக்க மூன்று வேலைகள். முதலில், யானைத் தடமும் நீரோடையும் எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகின்றன என்று குறிப்பது. அடுத்து, அந்தத் துண்டுகளில் எது கூடும், எது கூடாது என்று ஊராரைக் கூட்டிவைத்து முடிவு செய்வது. மூன்றாவது, விட்டுக்கொடுப்பவருக்கு ஒழுங்காகப் பணம் கிடைக்கச் செய்வது. மூன்றையும் நிலவிலை ஏறுமுன் செய்ய வேண்டும். ஏறிய பிறகு செய்தால் கோடு சுருங்கும் என்பதை மேலே கண்டோம்.

கனகபுரா, ஆனேக்கல், ஓசூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் ஏராளம். இனி ஒரு வரைவு வந்தால், ஆட்சேபனை சொல்ல 60 நாள் தருவார்கள். அதற்குள் உங்கள் சர்வே எண் எங்கே வருகிறது, எது தடை, எது அனுமதி என்று நீங்களே படித்துப் பாருங்கள். கையெழுத்து அப்புறம் போடலாம்.